முதியோர் வீட்டுக்குச் செவிலியரை அனுப்புகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரியவர்களுக்கு,

வணக்கம்.

சமுதாய நலச் செவிலியர் ஒரு நாளில் எத்தனை வீடுகளுக்குப் போக வேண்டும், போன இடத்தில் எந்தப் படிவத்தை நிரப்ப வேண்டும், மாதக் கடைசியில் எந்த எண்ணை மேலே அனுப்ப வேண்டும் என்பதையெல்லாம் தீர்மானிக்கிறவர்கள் நீங்கள். செவிலியர் கல்லூரியில் சமுதாய நலப் பாடத்துக்கு எத்தனை மணி நேரம், களப்பணிக்கு எத்தனை வாரம் என்று முடிவெடுக்கிறவர்களும் உங்களுக்குள் இருக்கிறீர்கள். வீடு வீடாகப் போய் வேலை பார்த்துவிட்டு, இப்போது அந்த வேலையை மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருக்கும் ஒருத்தி எழுதும் கடிதம் இது.

கேட்க வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முதியவரின் வீட்டுக்குள் செவிலியர் இருக்கும் நேரத்தைக் கூட்டுங்கள். அந்த நேரத்தில் அவர் எதைக் கண்டார், கண்டதன்மேல் பிறகு என்ன நடந்தது என்று கேளுங்கள். எத்தனை கதவு தட்டினார் என்று மட்டும் கேட்டால், கதவு தட்டும் வேலை மட்டும்தான் ஒழுங்காக நடக்கும். பல இடங்களில் இப்போது அதுதான் நடந்துகொண்டிருக்கிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். நாளுக்கு 30 வீடு என்று இலக்கு வைத்து, 6 மணி நேரம் களத்தில் இருக்கச் சொன்னால், வீட்டுக்கு 12 நிமிடம் வருகிறது. ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்கு நடப்பதும் அதற்குள்தான். எழுந்து நிற்கும்போது முதியவரின் ரத்த அழுத்தம் இறங்குகிறதா என்று பார்க்க வேண்டுமானால், அவரை 5 நிமிடம் படுக்கவைத்து ஒரு முறை அளக்க வேண்டும். எழுந்து நின்ற முதல் நிமிடத்திலும் மூன்றாம் நிமிடத்திலும் மறுபடி அளக்க வேண்டும். மேல் அளவு 20 புள்ளி, அல்லது கீழ் அளவு 10 புள்ளி குறைந்தால், அவர் எழும்போது தலைசுற்றி விழும் வாய்ப்பு உண்டு என்று எடுத்துக்கொள்ள வேண்டும். இந்த ஒரு சோதனைக்கே 8 நிமிடத்துக்கு மேல் ஆகும். மீதி நேரத்தில் வணக்கம் சொல்லி, விவரம் எழுதி, கையெழுத்து வாங்க வேண்டும். செவிலியர் என்ன செய்வார்? உட்காரவைத்து ஒரே முறை அளந்து 130/80 என்று எழுதிவிட்டுக் கிளம்புவார். அந்த எண்ணில் தவறில்லை. ஆனால் அதே முதியவர் அன்று இரவு கழிவறைக்குப் போக எழுந்து விழுந்தால், உங்கள் பதிவேட்டின்படி அவர் ரத்த அழுத்தம் கட்டுக்குள் இருந்தவர்.

இந்த வேலை எப்படித் தொடங்கியது என்பதையும் கொஞ்சம் நினைவுபடுத்த விரும்புகிறேன். 1859இல் லிவர்பூலில் வில்லியம் ராத்போன் என்ற வணிகர், தன் மனைவியின் கடைசி நோயில் பணிவிடை செய்த மேரி ராபின்சன் என்ற செவிலியரை, நகரத்து ஏழைகளை அவர்கள் வீட்டிலேயே போய்க் கவனிக்கும்படி வேலைக்கு வைத்தார். மூன்று மாதம் முயன்று பார்க்கலாம் என்றுதான் ஏற்பாடு. அந்த வீடுகளில் கண்ட துயரத்தைத் தாங்க முடியாமல் அவர் இடையிலேயே விட்டுவிடக் கேட்டார். ராத்போன் தொடரச் சொன்னார், ராபின்சன் தொடர்ந்தார். மூன்று மாதம் முடிந்தபோது இந்த வேலையை விட்டுப் போக அவருக்கே மனம் வரவில்லை. 1893இல் நியூயார்க்கில் லில்லியன் வால்ட் குடியேறிகளுக்கு வீட்டுப் பராமரிப்பு பற்றி வகுப்பு நடத்திக்கொண்டிருந்தார். ஒரு சிறுமி வந்து நோயுற்ற தாயிடம் கூட்டிப் போனாள். அந்த வீட்டைப் பார்த்த பிறகு வால்ட் தன் தோழி மேரி புரூஸ்டருடன் அந்தப் பகுதிக்கே குடிவந்துவிட்டார். ராபின்சன், வால்ட் இரண்டு பேருக்கும் முதல் பாடம் சொல்லிக்கொடுத்தது வீடுதான். அங்கே எவ்வளவு இருட்டு, எவ்வளவு ஈரம், யார் சாப்பிடவில்லை, யார் தூங்கவில்லை என்பதையெல்லாம் உள்ளே போய் உட்கார்ந்த பிறகுதான் அவர்கள் தெரிந்துகொண்டார்கள்.

1978இல் சோவியத் ஒன்றியத்தின் அல்மா அட்டா நகரில் உலக சுகாதார மாநாட்டுக்குக் கூடிய நாடுகள், மக்கள் வாழும் இடத்துக்கும் வேலை செய்யும் இடத்துக்கும் முடிந்தவரை அருகில் மருத்துவ உதவி போக வேண்டும் என்று அறிவித்தன. அருகில் போவதோடு அந்த வேலை முடிந்துவிட்டதாக நாம் எடுத்துக்கொண்டோமோ என்று எனக்குக் கவலையாக இருக்கிறது.

தடுப்பு மூன்று நிலை என்று எல்லா மாணவர்களும் மனப்பாடம் செய்கிறார்கள். நோய் வருமுன் தடுப்பது முதல் நிலை. வந்ததைச் சீக்கிரம் கண்டுபிடிப்பது இரண்டாம் நிலை. வந்த பிறகு முடக்கத்தையும் சிக்கலையும் குறைப்பது மூன்றாம் நிலை. தேர்வில் இதற்கு ஐந்து மதிப்பெண் கிடைத்துவிடும். ஆனால் ஒரே வீட்டில், ஒரே முதியவரிடம், ஒரே காலையில் மூன்றும் சேர்ந்து வரும் என்பதைப் போய்ப் பார்த்தவர்தான் உணர்வார். கால் தசைக்கு வலுவூட்டும் பயிற்சியைச் சொல்லிக்கொடுப்பது முதல் நிலை. நடையில் ஏற்பட்ட தள்ளாட்டத்தை விழுவதற்கு முன்பே கண்டுகொள்வது இரண்டாம் நிலை. போன வருடம் இடுப்பு எலும்பு உடைந்தவர் மறுபடி விழாமலும், பயந்துபோய்ப் படுக்கையிலேயே கிடந்துவிடாமலும் நடமாட வைப்பது மூன்றாம் நிலை. இந்த மூன்றுக்கும் உங்கள் படிவத்தில் இருப்பது "சுகாதாரக் கல்வி வழங்கப்பட்டது" என்ற ஒரே கட்டம்.

தடுப்பு வேலையின் சங்கடமே அது வெற்றி பெற்றால் கண்ணுக்குத் தெரியாது என்பதுதான். ஒரு சமூகத்துக்குப் பெரிய நன்மை தரும் தடுப்பு முயற்சி, அதில் பங்குபெறும் தனி மனிதருக்குச் சிறிய நன்மையாகவே தோன்றும் என்று தொற்றுநோயியல் அறிஞர் ஜெஃப்ரி ரோஸ் 1980களிலேயே எடுத்துக்காட்டினார். கைப்பிடி பொருத்திய முதியவர், அது இல்லாவிட்டால் தான் விழுந்திருப்போம் என்று ஒருநாளும் அறியமாட்டார். யாரும் நன்றி சொல்லப் போவதில்லை. அதனால்தான் இந்த வேலையை மதிப்பிடும் பொறுப்பு உங்களுக்கு இரட்டிப்பாகிறது. நீங்கள் எண்ணாததை வேறு யாரும் எண்ண மாட்டார்கள்.

விழுவதைப் பற்றியே இன்னும் கொஞ்சம் பேச வேண்டும். முதியோர் பாதுகாப்பில் இதைவிடப் பெரிதாகவும், இதைவிடக் கைக்கு எட்டியதாகவும் வேறொன்று எனக்குத் தெரியவில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டில் உலகெங்கும் ஆண்டுக்கு 6,84,000 பேர் விழுந்து இறக்கிறார்கள். தற்செயலான காயங்களால் நேரும் சாவில் சாலை விபத்துக்கு அடுத்த இடம் இதற்குத்தான். இறப்பவர்களில் 60 வயதைத் தாண்டியவர்களே அதிகம். ஒரு முறை விழுந்தவர் மறுபடி விழும் வாய்ப்பு இரட்டிப்பாகிறது. இது விதி என்று விட்டுவிட வேண்டியதில்லை. சமநிலைக்கும் கால் வலுவுக்கும் ஏற்ற உடற்பயிற்சி விழுதலைக் கிட்டத்தட்ட கால்வாசி குறைக்கிறது என்று பல மருத்துவ ஆய்வுகளைச் சேர்த்து எடைபோடும் காக்ரேன் அமைப்பின் 2019ஆம் ஆண்டுத் தொகுப்பாய்வு சொன்னது. வீட்டில் உள்ள இடர்களைச் சரிசெய்வது பற்றி 2023இல் வந்த இன்னொரு தொகுப்பாய்வும் ஏறத்தாழ அதே அளவைத்தான் சொன்னது. விழும் ஆபத்து அதிகமுள்ளவர்களைத் தேர்ந்தெடுத்துச் செய்தால் 38 சதவீதம் வரை குறைந்தது. ஆக, யாருக்கு ஆபத்து அதிகம் என்று கண்டறிவதுதான் செவிலியரின் கையில் இருக்கும் பெரிய கருவி.

அதற்கு உங்கள் படிவம் கேட்பது: "விழுந்தாரா? ஆம் / இல்லை." பெரும்பாலான முதியவர்கள் இல்லை என்றுதான் சொல்வார்கள். ஆம் என்று சொன்னால் வெளியே போகவிட மாட்டார்கள், தனியாக இருக்கவிட மாட்டார்கள் என்று அவர்களுக்குத் தெரியும். கேட்கிற விதத்தை மாற்றினால் பதில் மாறும். "இந்த ஒரு வருடத்தில் எப்போதாவது கால் தடுக்கியதா, வழுக்கியதா?" "நடக்கும்போது சுவரையோ மேசையையோ பிடித்துக்கொள்ள வேண்டியிருக்கிறதா?" "விழுந்துவிடுவோமோ என்று நினைத்து முன்பு செய்த எதையாவது விட்டுவிட்டீர்களா?" கடைசிக் கேள்வி முக்கியமானது. பயந்து நடமாட்டத்தைக் குறைத்தால் தசை மெலியும். தசை மெலிந்தால் விழும் வாய்ப்பு கூடும். பயம் நியாயமானதுதான், ஆனால் அது தேடிக்கொள்ளும் வழி ஆபத்தானது.

அப்புறம் அவர் நடப்பதைப் பார்க்க வேண்டும். நாற்காலியிலிருந்து எழுந்து, 3 மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்காரச் சொல்லும் சோதனை 1991இலிருந்து இருக்கிறது. கடிகாரம் ஒன்றே போதும். 12 விநாடியோ அதற்கு மேலோ ஆனால் கவனம் தேவை. விநாடியைவிட முக்கியமாக நான் மாணவர்களைப் பார்க்கச் சொல்வது வேறு: எழும்போது கையை ஊன்றுகிறாரா, திரும்பும்போது எத்தனை சின்னச் சின்ன அடி வைக்கிறார், நாற்காலியைத் தொட்டுப் பார்க்காமலே பொத்தென்று உட்காருகிறாரா.

அதன் பிறகு வீடு. அனுமதி கேட்டு, படுக்கையிலிருந்து கழிவறை வரை அவர் இரவில் போகும் வழியில் அவரோடு நடந்து பார்க்க வேண்டும். படுத்தபடியே விளக்கைப் போட முடிகிறதா? குறுக்கே ஒயர் போகிறதா? விரிப்பின் ஓரம் மடங்கிக் கிடக்கிறதா? குளியலறைத் தரையில் தண்ணீர் தேங்குகிறதா, பிடித்துக்கொள்ள உறுதியான கைப்பிடி இருக்கிறதா, அல்லது துண்டு காயப்போடும், கழன்று வரப்போகும் கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுகிறாரா? படிக்கட்டின் கடைசிப் படி தரையின் நிறத்திலேயே இருந்தால் அது வயதான கண்ணுக்குத் தெரியாது. தூரத்துக்கும் கிட்டத்துக்கும் சேர்த்துப் போட்ட கண்ணாடியோடு படி இறங்கினால் கீழே உள்ள படி மங்கித் தெரியும். தினமும் வேண்டிய பொருள் உயரத்தில் இருந்தால் அதை எடுக்க அவர் நாற்காலிமேல் ஏறுவார், ஏறாதீர்கள் என்று சொல்லிப் பயனில்லை, பொருளைக் கீழே இறக்கி வைக்க வேண்டும். வெந்நீரையும் பார்க்க வேண்டும். 60 டிகிரி செல்சியஸ் சூடு இருந்தால் ஐந்தே விநாடியில் தோல் ஆழமாக வெந்துவிடும். முதியவரின் தோல் மெல்லியது, சூடு உறைப்பதும் தாமதம், கையை இழுத்துக்கொள்வதும் தாமதம்.

இன்னொன்றைப் பாடத்திட்டத்தில் கட்டாயம் சேர்க்கக் கேட்கிறேன். விழாமல் இருக்கச் சொல்லிக்கொடுப்பதோடு, விழுந்தால் எப்படி எழுவது என்றும் சொல்லிக்கொடுக்க வேண்டும். பதறாமல் சற்றுக் கிடந்து, எங்கே வலிக்கிறது என்று பார்த்து, ஒருக்களித்துத் திரும்பி, முட்டியும் கையும் ஊன்றி, உறுதியான நாற்காலி வரை தவழ்ந்து போய், அதைப் பிடித்து எழுவது. இதை நல்ல உடல்நிலையில் இருக்கும்போதே செய்து பழக வேண்டும். எழ முடியாமல் தரையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் கிடப்பதே தனி ஆபத்து: உடல் நீர் வற்றும், அழுத்தம் பட்ட இடத்தில் புண் வரும், தசை சிதைந்து சிறுநீரகத்தைப் பாதிக்கும். தனியாக வாழ்கிறவர் எழ முடியாவிட்டால் யாரை எப்படிக் கூப்பிடுவார் என்பதையும் அன்றே பேசி வைத்துவிட வேண்டும்.

மருந்துக்கும் இதே கதைதான். "மருந்து ஒழுங்காகச் சாப்பிடுகிறாரா?" என்று கேட்டால் சாப்பிடுகிறேன் என்பார். "வீட்டில் இருக்கும் மருந்தையெல்லாம் எடுத்து வாருங்கள், சேர்ந்து பார்ப்போம்" என்றால் நிலைமை தெரியும். இரண்டு மருத்துவர்கள் இரண்டு பெயரில் எழுதிய ஒரே மருந்து, எப்போதோ நிறுத்தச் சொன்ன மாத்திரை, பக்கத்து வீட்டுக்காரர் கொடுத்த வலி மாத்திரை, பிரிக்காமலே கிடக்கும் அட்டைகள் என்று எல்லாம் அந்தப் பையிலிருந்து வரும். ஐந்து அல்லது அதற்கு மேல் மருந்து சாப்பிடுகிறவரிடம் ஒன்றோடொன்று மோதும் வாய்ப்பு அதிகம். முதியவர்களுக்குத் தவிர்க்க வேண்டிய மருந்துகளை முதியோர் மருத்துவர் மார்க் பீர்ஸ் 1991லேயே தொகுத்தார், அந்தப் பட்டியல் இன்றும் புதுப்பிக்கப்பட்டு வருகிறது. பென்சோடயஸிபின் வகைத் தூக்க மாத்திரைகளும், தூக்கம் வரவழைக்கும் பழைய வகை ஒவ்வாமை மாத்திரைகளும் அதில் இருக்கின்றன. செவிலியர் மருந்தை நிறுத்தக் கூடாது. திடீரென்று நிறுத்துவதால் ஆபத்து வரும் மருந்துகளும் உண்டு. ஆனால் பட்டியலை எழுதி மருத்துவரிடம் சேர்ப்பது செவிலியரின் வேலை. அந்தப் பட்டியலுக்கு மருத்துவரிடமிருந்து பதில் வரும் என்று உறுதி செய்வது உங்கள் வேலை.

நேற்றுவரை தெளிவாகப் பேசியவர் இன்று ஆளைத் தெரியாமல் உளறினால், "வயசானா அப்படித்தான்" என்று சொல்லிவிடுகிறார்கள். மறதி நோய் மாதக்கணக்கில், வருடக்கணக்கில் மெல்ல வருவது. சில மணி நேரத்திலோ ஓரிரு நாளிலோ வரும் குழப்பம் அவசரம். நோய்த்தொற்றோ, நீர்ச்சத்துக் குறைவோ, புதிய மருந்தோ காரணமாக இருக்கலாம். முதியவர்களுக்குக் காய்ச்சல் இல்லாமலே தொற்று தீவிரமாகலாம். இதை அடையாளம் காண, செவிலியருக்கு அவர் நேற்று எப்படி இருந்தார் என்று தெரிந்திருக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் வேறு வேறு செவிலியரை அனுப்பும் பணிப்பட்டியலில் அது நடக்காது. தடுப்பூசி, கண், காது, பல், பாதம் ஆகியவையும் இருக்கின்றன. அவற்றைப் படிவங்கள் ஓரளவு நன்றாகவே கேட்கின்றன, அதனால் அவற்றைப் பற்றி நான் நீட்டவில்லை.

நீட்ட வேண்டியது வேறொன்று. உலக சுகாதார நிறுவனம் சொல்கிறபடி, 60 வயதைத் தாண்டியவர்களில் ஆறில் ஒருவர் கடந்த ஓராண்டில் தன் சமூகச் சூழலிலேயே ஏதோ ஒரு வகைக் கொடுமைக்கு ஆளாகியிருக்கிறார். அடிப்பது மட்டும் கொடுமை இல்லை. வாய் வார்த்தையால் குறுக்குவது, பணத்தையும் சொத்தையும் பறிப்பது, பாலியல் அத்துமீறல், பசிக்கும் நோவுக்கும் கவனிக்காமல் விடுவது எல்லாம் அதில் அடங்கும். ஆண்டுதோறும் ஜூன் 15ஐ முதியோர் கொடுமைக்கு எதிரான விழிப்புணர்வு நாளாக ஐக்கிய நாடுகள் சபை கடைப்பிடிக்கச் சொல்கிறது. அன்று பேரணி நடத்துகிறோம். மற்ற நாட்களில், மகன் பக்கத்தில் நிற்கும்போதே "வீட்டில் எல்லாரும் நன்றாகப் பார்த்துக்கொள்கிறார்களா?" என்று முதியவரிடம் கேட்டு, "ஆம்" என்று குறித்துக்கொண்டு வருகிறோம். அப்படிக் கேட்பதைவிடக் கேட்காமல் இருப்பது மேல். பொய் சொல்ல அவரைக் கட்டாயப்படுத்தாமலாவது இருக்கலாம்.

தனியாகப் பேச ஒரு வழி வேண்டும். காயத்துக்குக் கட்டு மாற்றும்போது, உடலைப் பரிசோதிக்கும்போது, "கொஞ்சம் வெளியே இருங்கள்" என்று வீட்டாரிடம் இயல்பாகச் சொல்ல முடியும். இதை எல்லா வீட்டிலும் வழக்கமாகச் செய்தால் யாருக்கும் சந்தேகம் வராது. அதற்கும் நேரம் வேண்டும். அடையாளங்களையும் நிதானமாகவே பார்க்க வேண்டும். வயதானவர் தோலில் லேசாகப் பட்டாலே ரத்தம் கட்டும், ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து சாப்பிடுகிறவருக்கு இன்னும் எளிதாகக் கட்டும். ஆகவே ஒரு ரத்தக்கட்டை வைத்து யாரையும் குற்றவாளியாக்கக் கூடாது. ஆனால் வெவ்வேறு காலத்துக் காயங்கள், சொல்லும் காரணத்துக்கும் காயத்துக்கும் பொருத்தமில்லாமை, எந்தக் கேள்விக்கும் வேறொருவரே பதில் சொல்வது, பணம் வந்துகொண்டிருந்தும் மருந்து வாங்காமல் இருப்பது, உடல் எடை இறங்கிக்கொண்டே போவது ஆகியவை சேர்ந்து வந்தால் எழுதிவைக்க வேண்டும், மேலே சொல்ல வேண்டும்.

சேர்த்துச் சொல்ல வேண்டிய இன்னொருவர் பராமரிக்கிறவர். இரவில் நாலு தடவை எழுந்து, பகலில் வேலைக்கும் போய், யாரிடமும் புலம்பக்கூட வழியில்லாமல் இருக்கும் மகளையோ மருமகளையோ மனைவியையோ நம் படிவம் பார்ப்பதே இல்லை. அவரிடம் "நீங்கள் முழு இரவு தூங்கி எத்தனை நாளாகிறது?" என்று ஒருவர் கேட்டாலே பாதி உண்மை வெளியே வந்துவிடும். கவனிக்காமல் விடப்பட்ட முதியவர்கள் எல்லாரும் கல்நெஞ்சக்காரர்கள் வீட்டில் இருப்பதில்லை. களைத்துப்போனவர்கள் வீட்டிலும் இருக்கிறார்கள். அந்த இரண்டு வீட்டுக்கும் செய்ய வேண்டிய உதவி வேறு. அதைப் பிரித்துப் பார்க்கும் கண் செவிலியருக்கு வாய்ப்பது உட்கார்ந்து பேசினால்தான்.

அறம் என்ற பாடத்தை நாம் நடத்தும் விதம் எனக்கு ஆற்றாமையைத் தருகிறது. நன்மை செய், தீங்கு செய்யாதே, அவர் விருப்பத்தை மதி, எல்லாருக்கும் நியாயமாக நட என்று நான்கு வரி. நான்கும் ஒன்றோடொன்று மோதும் இடத்துக்குத்தான் செவிலியர் தினமும் போகிறார். தனியாக வாழும் முதியவர் இரண்டு முறை விழுந்துவிட்டார். பிள்ளைகள் அழைக்கிறார்கள், அவர் போக மறுக்கிறார். செவிலியர் பேசிச் சம்மதிக்க வைக்க வேண்டும் என்று குடும்பம் எதிர்பார்க்கிறது. முதலில் பார்க்க வேண்டியது இந்த முடிவை எடுக்கும் திறன் அவருக்கு இருக்கிறதா என்பதுதான். சொல்வதைப் புரிந்துகொள்கிறாரா, நினைவில் வைத்துக்கொள்கிறாரா, சாதக பாதகத்தை எடைபோடுகிறாரா, தன் முடிவைச் சொல்ல முடிகிறதா? இந்தத் திறன் ஒவ்வொரு முடிவுக்கும் தனித்தனி. வங்கிக் கணக்கு பார்க்க முடியாதவருக்கும் எங்கே வாழ வேண்டும் என்று சொல்லத் தெரிந்திருக்கலாம். திறன் இருந்தால், நமக்குப் பிடிக்காத முடிவும் அவருடைய முடிவுதான். அதற்குள் ஆபத்தைக் குறைப்பது நம் வேலை: கைப்பிடி, விளக்கு, காலையும் மாலையும் ஒரு தொலைபேசி அழைப்பு, பக்கத்து வீட்டில் ஒரு சாவி. விழக்கூடாது என்பதற்காகக் கட்டிவைக்கும் வழக்கத்தை நான் எந்த வீட்டிலும் ஏற்க மாட்டேன். கட்டிவைப்பது விழுதலைக் குறைப்பதாகத் தெரியவில்லை. தசை மெலிவும், படுக்கைப் புண்ணும், கழுத்தோ மார்போ இறுகி உயிர்போகும் ஆபத்தும் அதனால் வருகின்றன.

ரகசியம் காப்பது பற்றி ஒன்று. முதியவர் "யாரிடமும் சொல்லாதே" என்று கேட்டுக்கொண்டு ஒரு கொடுமையைச் சொன்னால் என்ன செய்வது என்று மாணவர்கள் என்னிடம் கேட்கிறார்கள். சொல்ல மாட்டேன் என்று முன்கூட்டியே வாக்குக் கொடுக்காதீர்கள் என்பதுதான் நான் சொல்லும் பதில். "உங்கள் உயிருக்கு ஆபத்து என்று எனக்குத் தோன்றினால் உதவக்கூடியவரிடம் சொல்ல வேண்டியிருக்கும், அதற்கு முன் உங்களிடம் சொல்லிவிட்டுத்தான் செய்வேன்" என்று நேராகப் பேசச் சொல்கிறேன். புகார் செய்வது கட்டாயமா இல்லையா என்பது நாட்டுக்கு நாடு மாறும் சட்டம். அந்தச் சட்டம் என்ன சொல்கிறது என்று ஒரு பக்கத்தில் எளிய மொழியில் எழுதி ஒவ்வொரு செவிலியர் கையிலும் கொடுப்பது உங்கள் கடமை. அதைக் கொடுக்காமல் "ஏன் புகார் செய்யவில்லை" என்று பிறகு விளக்கம் கேட்பது நியாயமில்லை.

வீட்டுக்குப் போனதற்குச் சாட்சியாக முதியவரைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லும் நடைமுறையை நிறுத்துங்கள். மெலிந்த உடம்போடு, பாதி உடையோடு, புண்ணோடு இருக்கும் ஒருவர் தன் படம் எங்கே போகிறது என்று அறியாமல் தலையாட்டுவதை ஒப்புதல் என்று சொல்ல முடியாது. செவிலியர்மேல் நம்பிக்கை இல்லாவிட்டால் அதற்கு மேற்பார்வையாளர் நேரில் போய்ப் பார்க்கட்டும். வீட்டுக்குப் போனதை நிரூபிக்கும் சுமையை நோயாளியின் மானத்தின் மேல் ஏற்றக் கூடாது.

உலகச் செவிலியர் பேரவை 1953இல் முதல் அறநெறித் தொகுப்பை ஏற்றது. 1973இல் அதைத் திருத்தியபோது செவிலியருக்கு நான்கு பொறுப்புகளைச் சொன்னது: உடல்நலத்தை வளர்ப்பது, நோயைத் தடுப்பது, நலத்தை மீட்பது, வேதனையைத் தணிப்பது. முதல் இரண்டும் நோய் வருவதற்கு முன் செய்ய வேண்டியவை. நம் பணிநேரத்தில் அந்த இரண்டுக்கும் எவ்வளவு கிடைக்கிறது என்று பார்த்தால் கவலைதான் மிஞ்சுகிறது.

சரி, என்ன செய்யலாம்? முதியவர் வீட்டுக்கு முதல் தடவை போகும்போது ஒரு மணி நேரம் கொடுங்கள். அடுத்தடுத்துப் போகும் நேரத்தை எல்லாருக்கும் ஒரே அளவாகப் பிரிக்காதீர்கள். தேறிவருகிறவருக்குக் குறைவாகவும், தனித்திருப்பவருக்கும் சமீபத்தில் மருத்துவமனையிலிருந்து வந்தவருக்கும் விழுந்தவருக்கும் அதிகமாகவும் கொடுங்கள். முடிந்தவரை ஒரே செவிலியரை அனுப்புங்கள். படிவத்தில் என்ன கண்டேன், யாரிடம் சொன்னேன், என்ன ஆனது என்ற மூன்று வரிக்கு இடம் விடுங்கள். மூன்றாம் வரி காலியாக இருந்தால் கேள்வி செவிலியரை நோக்கி வரக் கூடாது, பரிந்துரையைப் பெற்றுக்கொண்ட இடத்தை நோக்கிப் போக வேண்டும். ஒரே தெருவில் பலர் விழுந்திருந்தால் அது பலரின் தள்ளாமை என்று விடாமல், அந்தத் தெருவின் விளக்கையும் நடைபாதையையும் போய்ப் பாருங்கள். வீட்டுக்கு வீடு எழுதும் குறிப்புகளைச் சேர்த்துப் படிக்க ஒருவர் வேண்டும். இப்போது அவை பெட்டியில் கிடக்கின்றன.

தனியாகப் போகும் செவிலியரின் பாதுகாப்பும் இதில் ஒரு பகுதி. எங்கே இருக்கிறார் என்று ஒருவருக்காவது தெரிய வேண்டும். மிரட்டல் இருக்கும் வீட்டிலிருந்து உடனே வெளியே வரவும், அதற்குப் பிறகு இரண்டு பேராகப் போகவும் அவருக்கு உரிமை வேண்டும். தடுமாறும் நேரத்தில் அனுபவமுள்ள ஒருவரைக் கூப்பிட ஒரு தொலைபேசி எண் வேண்டும்.

கல்லூரிகளை நடத்துகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். களப்பணியில் மாணவர்களை நாளுக்கு ஒரு வீடாக மாற்றி மாற்றி அனுப்பாமல், ஒரு பருவம் முழுக்க ஒரே முதியவரிடம் அனுப்புங்கள். முதல் வாரம் அந்த மாணவர் நோயை எழுதுவார். நாலைந்து வாரம் போனால் அந்த முதியவர் எதற்குப் பயப்படுகிறார் என்று எழுதுவார். அறநெறித் தேர்வில் நான்கு கோட்பாடுகளின் பெயரைக் கேட்பதற்குப் பதில், அந்த வீட்டில் எந்த இரண்டு மோதின, நீ என்ன செய்தாய், ஏன் செய்தாய் என்று கேளுங்கள்.

அடுத்த படிவத்தை அச்சுக்கு அனுப்புமுன் அதை ஒரு செவிலியரிடம் கொடுத்து, நீங்களும் கூடப் போய், ஒரு முதியவர் வீட்டில் முழுதாக நிரப்பிப் பாருங்கள். எவ்வளவு நேரம் ஆகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். எந்தக் கேள்விக்கு முதியவர் வீட்டாரின் முகத்தைப் பார்த்துவிட்டுப் பதில் சொல்கிறார் என்று கவனியுங்கள். அந்த நேரத்தையும் அந்தக் கேள்விகளையும் வைத்து இலக்கைத் திருத்துங்கள்.

இப்படிக்கு,
ஒரு சமுதாய நலச் செவிலியர்